கணினிப் பெட்டிக்குள் காற்று வந்த வழி



தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்தவர் எவரும் இதனைக் கண்டிருப்பர். காலையில் ஒழுங்காக இயங்கிய கணினி, நண்பகலை நெருங்கும் வேளையில் தயங்கும். பிறகு எவ்வித எச்சரிக்கையுமின்றித் தானே அணைந்துவிடும். பத்து நிமிடம் கழித்து முடுக்கினால் மீண்டும் இயங்கும். "நச்சுநிரல் புகுந்துவிட்டது" என்பார் ஒருவர். "பழைய கணினி, வேறு வாங்க வேண்டியதுதான்" என்பார் இன்னொருவர். திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்ப்போர் மிகச் சிலரே. பார்த்தால், உள்ளே இருக்கும் சிறு காற்றாடி சாம்பல்நிறக் கம்பளி போர்த்தியதுபோல் தூசியில் புதைந்திருக்கும்.

ஆசிரியர் பயிற்சியை முடித்து 2003ஆம் ஆண்டு கிள்ளானில் ஒரு பள்ளிக்கு நான் சென்றபோது, கணினி அறைச் சாவி என் கையில் தரப்பட்டது. பள்ளியில் எவர் இளையவரோ அவரே கணினி ஆசிரியர் என்பது அக்காலத்தில் எழுதப்படாத சட்டம். அன்று தொடங்கிய ஆர்வத்தின் விளைவே இக்கட்டுரை. கணினிப் பெட்டிக்குள் காற்று எவ்வாறு வந்தது, அக்காற்று நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏன் போதாமல் போனது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கணினிக்கு முன் நம் கடைவீடுகளைப் பற்றிச் சில சொற்கள். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் அழிந்தது. பலகையும் அத்தாப்புமாக இருந்த நகரம் அது. சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884இல் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழ வேண்டும் என்று வகுத்தார். அச்செங்கற்களுக்குச் சூளை எரிந்த இடங்களுள் ஒன்றே பிரிக்பீல்ட்ஸ். பெயரே அதனைச் சொல்லும். கப்பித்தான் யாப் ஆ லோய் அங்குச் செங்கல் தொழிலுக்காக நிலம் வாங்கினார் என்பர். செங்கல் நெருப்பைத் தடுத்தது. கூடவே காற்றையும் தடுத்தது. கடைவீட்டின் முகப்பு குறுகியது, ஆழமோ நீண்டது. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். எனவே முன்புறம் நிழலுக்கு அஞ்சடியும், நடுவில் வானத்தை நோக்கித் திறந்த காற்றுமுற்றமும் வைத்தனர். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைக் கண்டவர்க்கு இது புதிதன்று. வாசலில் நுழையும் காற்றுக்கு வெளியேற ஓர் இடம் வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள கணக்கு. மேசைக் கணினிப் பெட்டியும் குறுகிய முகமும் நீண்ட உடலும் கொண்ட ஒரு கடைவீடுதான். அதற்கு முற்றம் வைக்கத்தான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

தொடக்கக் காலக் கணினிகளுக்குப் பெட்டியே கிடையாது, அறையே பெட்டி. அமெரிக்காவில் 1946இல் அறிமுகமான ஏனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் உண்டது. உண்ட மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிவரும் என்பதால், பெரிய ஊதுகாற்றுப் பொறிகளைக் கொண்டு அதனைக் குளிர்வித்தனர். நம் நாட்டின் முதல் கணினி 1960களின் நடுவில் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 1401 என்பது வரலாறு. (அவ்வாரியமே 1990இல் தெனாகா நேஷனல் ஆனது.) அக்கணினி துளையிட்ட அட்டைகளைப் படித்து வேலை செய்தது. ஈரக்காற்றில் அட்டை உப்பும்; உப்பினால் பொறியில் சிக்கும். ஆகவே குளிர்சாதன அறை இன்றியமையாதது. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க் புரூக்ளினில் முதல் நவீனக் குளிர்சாதனத்தை வடிவமைத்ததும் மனிதர்களுக்காக அன்று. ஓர் அச்சகத்தில் தாள் ஈரம் வாங்குவதைத் தடுப்பதற்காகவே. கணினி அறை என்றால் குளிர் அறை, அதனுள் காலணி இன்றித்தான் நுழைய வேண்டும் என்று நம் பள்ளிகளில் இன்றளவும் இருக்கும் பழக்கத்தில் அக்காலத்தின் சாயல் உண்டு. காலணியைக் கழற்றுவது வீண் சடங்கும் அன்று. அதனால் தரைத்தூசி உண்மையாகவே குறைகிறது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனிநபர் கணினி வெளிவந்ததும் கணினி குளிர் அறையை விட்டு வெளியேறியது. அதன் மின்வழங்கி வெறும் 63.5 வாட் திறன் கொண்டது. செயலி இரண்டு வாட் அளவே உண்டது. அதன்மீது தகடும் இல்லை, காற்றாடியும் இல்லை. மின்வழங்கிக்குள் இருந்த ஒரே காற்றாடி பெட்டிக்குள் இருந்த காற்றை உறிஞ்சிப் பின்புறம் தள்ளியது. அதுவே போதுமானதாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஆப்பிள் 3 கணினியில் காற்றாடியே இருக்கக் கூடாது, ஓசை எழக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் உறுதியாக நின்றார். கணினி சூடேறியது, சில்லுகள் தம் இருக்கையிலிருந்து நகர்ந்தன. கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் சில்லுகள் மீண்டும் சரியாக அமரும் என்று பயனர்களுக்கு அறிவுரை கூறும் நிலை ஏற்பட்டது. மாணவர்களிடம் இக்கதையைச் சொன்னால் வகுப்பு கலகலப்பாகும்.

1993இல் வந்த பென்டியம் செயலி 15 வாட் அளவை எட்டியது. அலுமினியத் தகடும் அதன்மேல் ஒரு சிறு காற்றாடியும் செயலியின் நிரந்தரத் துணைகள் ஆயின. 1995 ஜூலையில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் பெட்டி வடிவத்தை அறிவித்தது. இதில் வரலாற்றுச் சுவை மிக்க ஒரு செய்தி உண்டு. அதுவரை வெளியே ஊதிய மின்வழங்கிக் காற்றாடியை, முதல் ஏ.டி.எக்ஸ். வரைவில் திசை திருப்பி உள்ளே ஊதச் செய்தனர். வெளிக்காற்று நேரே செயலிமீது பாயும், செயலிக்குத் தனிக் காற்றாடி வேண்டியிராது, செலவு குறையும் என்பது எண்ணம். நடந்தது வேறு. காற்று முதலில் மின்வழங்கியின் உள்ளே புகுந்து சூடாகிப் பின்னரே செயலியை அடைந்தது. தூசியையும் உடன் கொண்டு வந்தது. பின்னர் வந்த திருத்தங்களில் அவ்வெண்ணம் கைவிடப்பட்டு, காற்றாடி மீண்டும் வெளிப்புறம் திரும்பியது. அன்று உலகின் மிகப் பெரியதாக இருந்த சில்லு நிறுவனமே காற்றின் திசையில் தடுமாறியது என்றால், நம் ஊர்க் கடைக்காரர்களைக் குறை கூறுவதற்கு என்ன இருக்கிறது?

அதே காலத்தில்தான் நம் பள்ளத்தாக்கில் கணினி வேட்கை பற்றியது. 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் தொடங்கியது. 1999இல் விவேகப் பள்ளித் திட்டம் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் சோதனைக்கு வந்தது. 1980களின் நடுவிலிருந்து முத்து நெடுமாறன் உருவாக்கி வந்த முரசு மென்பொருள் தமிழைத் திரைக்குக் கொண்டு வந்திருந்தது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது மடிக்கணினியும் ஒளிவீச்சியும் வகுப்பறைக்குள் நுழைந்தன. ஆயினும் பல தமிழ்ப்பள்ளிகளில் கணினி அறை என்பது பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவுச் சந்தை நடத்தியும், நல்லுள்ளங்கள் வெள்ளி கொடுத்தும் எழுப்பியதாகும். அவ்வெள்ளி இம்பி பிளாசாவுக்கும், 1999இல் திறக்கப்பட்ட லோ யாட் பிளாசாவுக்கும் சென்று, தாய்ப்பலகை, செயலி, பெட்டி எனத் தனித்தனியே வாங்கிப் பூட்டப்பட்ட கணினிகளாகத் திரும்பி வந்தது.

அப்பெட்டிகளுள் எத்தனையோ நான் திறந்து பார்த்தவை. மெல்லிய தகடு. முகப்பில் பளபளக்கும் நெகிழி மூடி. அதில் காற்று நுழைய விரல் அகலப் பிளவுகூட இராது. முன்புறமும் பின்புறமும் 80 மில்லிமீட்டர் காற்றாடி பொருத்த இடம் விட்டிருப்பர்; இரண்டும் வெற்றிடமாகவே இருக்கும். காற்றாடி ஒன்று சில வெள்ளிதான். ஆயினும் விலைப்பட்டியலில் செயலியின் வேகமும் நினைவகத்தின் அளவும் இருக்குமேயன்றிக் காற்றாடிக்கு ஒரு வரி இராது. கேட்பவர் எவரும் இல்லாததால் கடைக்காரர் வைக்கவில்லை.

செயலிகளோ சூடேறிக்கொண்டே சென்றன. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையத்தளம் ஒரு காணொளி வெளியிட்டது. இயங்கும் செயலிகளின் வெப்பத்தகட்டைக் கழற்றிக் காட்டினர். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது, ஏ.எம்.டி. ஏத்லான் புகைந்து கருகியது. பென்டியம் 4 பிழைத்ததைக் கண்டு இன்டெல் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் 2004 பிப்ரவரியில் அந்நிறுவனமே வெளியிட்ட பிரஸ்காட் வகைப் பென்டியம் 4, உச்சத்தில் 115 வாட் வெப்பம் உமிழ்ந்தது. இரண்டு வாட்டில் தொடங்கிய பயணம் அது. அவ்வாண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் செயலித் திட்டத்தை இன்டெல் கைவிட்டது.

இவ்வெப்பத்தைச் சமாளிக்க 2003 வாக்கில் இன்டெல் ஒரு பெட்டி வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. செயலிக்கு நேர் எதிரே, பக்கத் தகட்டில் ஒரு துளையிட்டுப் புனல் போன்ற குழாய் ஒன்றைப் பொருத்துவர். பழைய பெட்டிகளில் அக்குழாயைக் கண்டிருப்பீர்கள்; வேலைக்கு இடைஞ்சல் என்று பலர் பிடுங்கி எறிந்ததையும் நான் அறிவேன். அவ்வழிகாட்டியின் கணக்கு இதுதான்: அறையின் வெப்பம் 35 பாகை செல்சியஸாக இருக்கும்போது, செயலியை வந்தடையும் காற்று 38 பாகையைத் தாண்டக் கூடாது. நம் கதையின் மையம் இங்கே இருக்கிறது என்பேன். குளிர்நாட்டு வீட்டில் 35 பாகை என்பது மிகை. அங்கே பெட்டி சரியில்லாவிட்டாலும் அறை காப்பாற்றிவிடும். கோலாலம்பூரில் வழக்கமான பிற்பகல் வெப்பமே 32, 33 பாகை. தகரக் கூரை போட்ட பழைய தோட்டப்பள்ளிக் கட்டடத்தில், சாளரம் அடைத்த அறையில், 35 பாகை என்பது சாதாரண செவ்வாய்க்கிழமை. அவர்கள் எல்லையாக வைத்த இடத்தில் நம் பிள்ளைகளின் கணினி தன் நாளைத் தொடங்கியது. பிழைக்கு இடமே இல்லை.

நான் பணியாற்றிய பள்ளியில் பிழை மரவேலை வடிவில் இருந்தது. கணினிகள் களவு போகும் அச்சத்தால் ஒவ்வொரு பெட்டியையும் பூட்டுப் போட்ட மர அலமாரிக்குள் வைத்திருந்தனர். கதவில் துளை இல்லை. பின்பலகையில் கம்பி செல்ல மட்டும் ஒரு துளை. கணினி வெளியேற்றிய சூடான காற்றையே மீண்டும் உள்ளிழுத்தது. தவிர, அது மின்தேக்கிகளின் கெட்ட காலமும்கூட. 1999 முதல் சில ஆண்டுகள் உற்பத்தியான பல தாய்ப்பலகைகளில் குறைபாடுள்ள மின்தேக்கிகள் இருந்தன. தலை உப்பி, பழுப்பு நீர் கசிந்து செத்தன. இவ்வகை மின்தேக்கிக்குப் பொதுவிதி ஒன்று உண்டு: வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அலமாரிக்குள் அடைபட்ட கணினி இரண்டு ஆண்டில் மடிந்தால் அதற்குப் பெயர் முதுமை அன்று. உணவுச் சந்தையில் தோசை சுட்டுச் சேர்த்த வெள்ளி அது என்பதால்தான் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

எவ்வளவு காற்று வேண்டும்? கணக்கு ஐயமின்றி எளியது. 100 வாட் வெப்பம் உமிழும் பெட்டிக்குள் காற்று 10 பாகைக்கு மேல் சூடாகாதிருக்க, நொடிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் காற்று ஊடுருவிச் செல்ல வேண்டும். ஒரு வாளி அளவு. தடையின்றி இயங்கும் ஒரே ஒரு காற்றாடி அதனைச் செய்யும். பின் எதற்கு ஐந்து, ஆறு? "சூடான காற்று மேலே எழும், மேலே துளை போட்டால் போதும்" என்போரும் உளர். கடைவீட்டு முற்றத்தில் அது உண்மை. இரண்டு மாடி உயரம் இருக்கிறது. முழங்கால் உயரப் பெட்டியில் சூடான காற்று தானே எழும் விசை, சாதாரணக் காற்றாடி ஒன்று தரும் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குதான். கடைவீட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வாசலும் முற்றமும் ஒரே நேர்வழியில் இருப்பதையே. முன்முகம் அடைபட்டிருந்தால் பின்னால் எத்தனை காற்றாடி சுழன்றாலும் இழுக்கக் காற்று இராது. நாடாக் கம்பிகள் நடுவழியில் திரைபோல் தொங்கினாலும் அதே கதிதான்.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசைக் காற்றாடியைத் திருப்பி வைக்கும் வழக்கம் நம்மவர் வீடுகளில் பரவலாக இருந்தது. செயலி சற்றுக் குளிரும் என்பது மெய்தான். ஆனால் முன்முகத்திலிருந்து வன்தட்டைத் தழுவிச் சென்ற காற்று அத்துடன் அறுந்துவிடும். வெண்கட்டித் தூளும் பஞ்சும் தலைமுடியும் தடையின்றி உள்ளே படியும்.

தூசியைப் பேசும்போது 2005ஆம் ஆண்டை மறக்க இயலாது. சுமத்திராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் நம்மை மூடியது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபின் கணினிகளைச் சுத்தம் செய்தபோது, தகட்டு இடுக்குகளில் இருந்தது வழக்கமான உலர்ந்த தூசி அன்று. ஈரத்தோடு ஒட்டிய கரும்படலம். தூரிகையால் சுரண்டித்தான் எடுத்தேன். புகையின் நுண்துகள் எந்த வலைக்கும் அடங்காது. எனினும் நுழைவாயிலில் மெல்லிய வலை போட்டு, வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்றை உள்ளே ஊதச் செய்தால், இடுக்குகள் வழியே காற்று வெளியே கசியுமே தவிர உள்ளே வராது. தூசி வலையில் நிற்கும். வாரம் ஒருமுறை வலையைத் தட்டினால் போதும். சுத்தம் செய்வோர் மின்கம்பியை முதலில் கழற்றுக. ஊதும்போது காற்றாடி இதழை விரலால் பிடித்துக்கொள்க. கட்டற்றுச் சுழன்றால் காற்றாடியின் உருளை கெடும்.

அலமாரிப் பின்பலகைகளை அறுத்தெடுத்து, ஒவ்வொரு பெட்டியிலும் முன்னால் ஒரு காற்றாடி பொருத்தினோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிலர் உடன் இருந்தனர். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பெட்டியின் முன்முகத்துக்குச் சற்றுத் தள்ளி, எட்ட நின்று பிடிக்கச் சொன்னேன். புகை உள்ளே வளைந்து சென்றால் வழி திறந்திருக்கிறது. நேரே மேலெழுந்தால் அடைப்பு இருக்கிறது. ஒரு காற்றாடியைப் புறமாற்றிப் பொருத்தியிருந்ததை மாணவர்களே கண்டுபிடித்தனர். காற்றுக்கும் உருவம் உண்டு என்பதை எந்தப் பாடநூலும் அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

அறையின் கணக்கும் ஒன்று உண்டு. பழைய குழாய்த்திரையுடன் கூடிய கணினி ஒன்று 180 வாட் எனக் கொண்டால், இருபது கணினிகள் 3,600 வாட். முப்பது மாணவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடல்வெப்பம் 2,000 வாட்டைத் தாண்டும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் நீக்குவது ஏறத்தாழ 2,600 வாட். இரண்டு பொருத்தினாலும், கூரை வெயிலைச் சேர்க்காமலேயே, தோல்விதான். கணினியில் காற்றாடி கூட்டுவதற்குமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று.

இன்டெல் 2003இல் அறிவித்த பி.டி.எக்ஸ். என்னும் புதிய வடிவம் இச்சிக்கலுக்கு மிக நேர்மையான விடையாக இருந்தது. செயலியை முன்முகத்தருகே கொண்டு வந்து, காற்றை ஒரே நேர்கோட்டில் பின்னால் அனுப்பினர். ஆயினும் 2006இல் குறைந்த வெப்பம் உமிழும் கோர் 2 செயலிகள் வந்ததும், அவ்வாண்டே அவ்வடிவத்தைக் கைவிட்டனர். சூடு தணிந்ததும் வழி மறந்தது. அதன் விளைவைப் பின்னர்க் கண்டோம். 2010களில் முன்முகம் முழுவதும் கண்ணாடி பதித்து, வண்ண விளக்குகள் ஒளிர, ஓரத்தில் மயிரிழைப் பிளவு மட்டும் விட்ட பெட்டிகள் கடைகளை நிறைத்தன. சல்லடை முகப்பு மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது.

பிள்ளைக்கு மேசைக் கணினி வாங்கச் செல்லும் பெற்றோர், விளக்கின் நிறத்தைப் பார்ப்பதற்குமுன் முன்முகத்தைத் தொட்டுப் பாருங்கள். சல்லடையாக இருந்தால் நன்று. முன்னால் ஒன்று உள்ளே ஊதவும் பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் காற்றாடிகள் உண்டா என்று கேளுங்கள். வீட்டில் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் விடுங்கள். பள்ளித் தவணை விடுமுறை ஒவ்வொன்றிலும் ஒருமுறை திறந்து தூசி தட்டுங்கள்.